சம்பந்தம் பேசப் போன காருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்

அந்த வெள்ளைக் கார் என்னை மூன்று முறை முந்தியது. நான் அதை இரண்டு முறை முந்தினேன்.

நான் நடந்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திருவேங்கடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. பதினோரு நாள் அங்கே வேலை. போன புதன்கிழமை, காலைத் தீவனத்தைப் போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கோழிகளுக்கும் எனக்கும் ஒரே கொட்டகையில் படுக்கை, மூச்சு முட்டியது, கிளம்பினேன்... அவ்வளவுதான். இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எட்டாம் வகுப்பிலிருந்தே கிளம்பியவன், கோழிப்பண்ணையிலிருந்து கிளம்ப மாட்டானா?

சங்கரன்கோவில் போனால் தறியிலோ ஹோட்டலிலோ ஏதாவது கிடைக்கும். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. அதை இட்லிக்கு ஒதுக்கியிருந்தேன்.

இரண்டு பக்கமும் கரிசல். நடுவில் ரோடு. ரோட்டில் நான். அப்புறம் அந்தக் கார்.

ஒரு கிலோமீட்டர் ஓடும். இருமும். நிற்கும். நான் நடந்து போய்ச் சேர்ந்து, தாண்டிப் போவேன். நாலு எட்டு வைப்பதற்குள் அது மறுபடி உயிர் பெற்று, என்னைத் தாண்டிப் போகும். அப்புறம் ஒரு கிலோமீட்டரில் மறுபடி இருமல். பஸ்ஸில் போகிறவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. நடக்கிறவனுக்குத் தெரியும் — ஓட்டம் ஒரு கிலோமீட்டர், ஓய்வு பத்து நிமிடம். அச்சு அசலாக அதே அளவு.

மூன்றாவது முறை அது நின்ற இடத்தில் நானும் நின்றேன். பழைய கார், கார்புரேட்டர் காலத்து உருப்படி. முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம். பானெட்டில் மூன்று பட்டை சந்தனம். பின்சீட்டில் பழத் தட்டு. யாரோ நல்ல காரியத்துக்குப் போகிறார்கள்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு மூச்சு வாங்குதோ?" என்றேன்.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்தான் பதில் சொன்னார்.

"ஒமக்கு என்னவே? நடந்துதான போறீரு? போவும்."

"நீங்களும் என்கூட நடந்து வர்ற மாதிரிதான் இருக்கு. அதான் கேட்டேன்."

காருக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிப்பு கேட்டது. வெள்ளைச் சட்டை முறைத்ததும் நின்றுவிட்டது.

ஐந்து பேர் கிளம்பியிருந்தார்கள். காரை ஓட்டியவர் மாரியப்பன் — பெண்ணைப் பெற்றவர். வெள்ளைச் சட்டை அவருடைய மச்சினர் வேல்ராஜ், பெண்ணுக்குத் தாய்மாமா. பின்சீட்டில் மாரியப்பனின் மனைவியும், அவருடைய தங்கை கோமதியும். ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு சண்முகையா. அவருக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு வேலை. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் போகக் கூடாது அல்லவா? நான்கு பேரை ஐந்தாக்குவதற்காக அழைத்து வரப்பட்டவர். வேலையைத் தூங்கிக்கொண்டே செய்துகொண்டிருந்தார்.

மாரியப்பன் நிமிர்ந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்ற கவலையும் அவர் முகத்தில் இருந்தது.

"தம்பிக்கு வண்டி வேலை தெரியுமா?"

"சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டுல ரெண்டு வருசம் கெடந்தேன்."

அது போதுமாக இருந்தது அவருக்கு. மளமளவென்று சொன்னார். மகள் பிரியா தென்காசியில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீஸில் ஒரு பையன். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஜாதி ஒன்றுதான், இருந்தாலும் 'பிடித்துவிட்டது' என்பதே பெரிய குற்றம் என்று தாய்மாமா ஒன்றரை வருடம் முறுக்கிக்கொண்டு நின்றார். ஒரு வழியாகச் சம்மதித்து, மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினால், முதல் தடவை தெருவில் ஒரு சாவு. இரண்டாவது தடவை மழை. இது மூன்றாவது. இதுவும் தடங்கினால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தாய்மாமா கறாராகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் சங்கரன்கோவிலில் அந்த வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும்.

மணி பத்தே கால். ஊருக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டால்... பன்னிரண்டு தாண்டிவிடும்.

"மாப்பிள்ளையோட அப்பா என்ன செய்றாரு?" என்று கேட்டேன்.

மாரியப்பன் குரலைத் தாழ்த்தினார். "கார் மெக்கானிக். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சொந்தமா ஷெட்டு வச்சிருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பிரியாவின் போன் வந்தது. மாரியப்பனின் கையெல்லாம் கிரீஸ், விரல் முட்டியால் அமுக்கினார், ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"யப்பா, எங்கன இருக்கிய?"

"பக்கத்துல வந்துட்டோம்ட்டி."

"அரை மணிக்கு முன்னாலயும் பக்கத்துலன்னுதான சொன்னீங்க? அவங்க வீட்டுல வாசல்ல வந்து நிக்காங்களாம். யப்பா... திரும்பி மட்டும் வந்துராதீங்க. மாமா திரும்புவோம்னு சொன்னா, அவுகள மட்டும் எறக்கி விட்டுட்டுப் போங்க."

மாமா கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்துபோயிருந்தது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பையைக் கழற்றி வைத்தேன்.

"மூணு தடவ நின்னுட்டு," என்றார் வேல்ராஜ். "இது சகுனம். வண்டியத் திருப்புங்க அத்தான்."

"திரும்பிப் போறதுக்கும் இதே வண்டிதான ஓடணும்?" என்றேன். "மொதல்ல ஓட வைப்போம். அப்புறம் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுங்க."

நின்றுபோன வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? யாருமே பழுதைத் தேட மாட்டார்கள். குற்றவாளியைத்தான் தேடுவார்கள். மாரியப்பனுக்குச் சந்தேகம் பேட்டரி மேல் — போன மாதம் புதிதாக வாங்கிப் போட்டாராம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். வேல்ராஜுக்குச் சந்தேகம் சூட்டின் மேல் — இரண்டு பாட்டில் தண்ணீரை இன்ஜின் மேலேயே ஊற்றியிருந்தார். பெண்ணின் அம்மாவுக்குச் சந்தேகம் யார் கண்ணின் மேலோ. கோமதி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

"நிக்கும்போது டப்புனு நிக்குதா, இருமி இருமி நிக்குதா?"

இதுதான் முதல் கேள்வி. டப்பென்று அணைந்தால் கரண்ட் கோளாறு. இருமி, விக்கி, தள்ளாடி அணைந்தால் இன்ஜினுக்குப் பசி — பெட்ரோல் போய்ச் சேரவில்லை.

கோமதி வாயைத் திறந்தார். "கேத வீட்டுல விக்கி விக்கி அழுவாள்ளா... அது மாதிரி, தம்பி."

"நல்ல காரியத்துக்குப் போகும்போது பேசுற பேச்சா இது?" என்றார் பெண்ணின் அம்மா.

சரி, பசி. சோறு எங்கே தடைபடுகிறது? டேங்க், குழாய், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர் — பெட்ரோல் போகிற வழி இவ்வளவுதான். ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் டேங்க் மூடி. மூடியில் காற்று போகிற ஓட்டை அடைத்துக்கொண்டாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். திறந்தேன். அடைத்திருந்தால் 'புஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் வரவேண்டும், வரவில்லை. மூடி நல்லவன். பெட்ரோலும் பாதி டேங்க் இருந்தது.

அடுத்து கார்புரேட்டர். மேலே திறந்துவிட்டு ஆக்ஸிலேட்டரை இழுத்தால், உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். ஒரு சொட்டு இல்லை. அடுத்து, பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். கறந்து முடித்த ஆட்டிடம் வருகிற மாதிரி நூலாக வந்தது. பம்ப் கெட்டதா, பம்புக்கே வரவில்லையா? அதற்கும் முந்தைய குழாயை, டேங்கிலிருந்து வருவதைக் கழற்றினேன். வாயை வைத்து ஊதினேன். சுவரில் ஊதுவது போல் இருந்தது. கண் பிதுங்க இன்னொரு தடவை ஊதினேன். டேங்குக்குள் 'குபு குபு குபு' என்றது.

பிடிபட்டது. டேங்குக்குள் ஏதோ கிடக்கிறது. வண்டி ஓடும்போது அது உறிஞ்சுகிற வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. நின்றால் பத்து நிமிடத்தில் கீழே படிந்து வழிவிடுகிறது. அதுதான் அந்தப் பத்து நிமிட ஓய்வு.

ஊதியதில் கொஞ்சம் பெட்ரோல் திரும்பி வந்து வாய்க்குள் போனது. காலையிலிருந்து வயிற்றில் எதுவும் இல்லை. அன்றைய முதல் ஆகாரம் அதுதான்.

ஃபில்டரைக் கழற்றினேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது, கஷாயம் மாதிரி இருந்தது. தட்டினால் ஈரச் செம்மண்.

"பாத்தீங்களா அத்தான்! பங்க்காரன் மண்ணக் கலந்துட்டான்!" என்று குதித்தார் வேல்ராஜ். மாரியப்பன் எந்த பங்க், என்றைக்குப் போட்டது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார். நான் மிச்ச மண்ணைத் தட்டுவதற்காக ஃபில்டரை ரோட்டோரம் கொண்டுபோனேன்.

"ஐயோ, தரையில தட்டிராதீங்க தம்பி! கால் படும்!"

கோமதி காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார். பெட்ரோல் அழுக்கில் கால் பட்டால் என்ன? நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை விரித்துப் பிடித்தார்.

"அக்கா... இது எந்த மண்ணு?"

காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் காற்றாக வந்தது.

"அம்மன் கோயில் புத்து மண்ணு. பிரசாதமாக் குடுப்பாகள்லா, அது. நமக்கு மேலுக்குச் சரியில்லன்னா உள்ளுக்குச் சாப்பிடுதோம்லா? போன மாசம் வண்டி ஸ்டார்ட் ஆகாம கெடையா கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு. புள்ள காரியம் வேற. இன்னைக்குக் காலைல யாரும் பாக்காம ஒரு கை அள்ளி டேங்குல..."

"ஒரு கையா?"

"...ரெண்டு கை."

"தண்ணியில கரைச்சா?"

"வண்டிக்குத் தண்ணி ஆகாதுன்னு தெரியாதா எனக்கு? அப்படியேதான் போட்டேன்."

வாசகர்களே, அந்த விவரத்துக்காகவாவது அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"எங்க மைனிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க," என்று காரில் இருந்த அண்ணன் மனைவியைக் கண்ணால் காட்டினார். கண் கலங்கிவிட்டது. "எம் மவனுக்குத்தான் பிரியாவக் கேட்டேன். தரல. இப்ப இது தெரிஞ்சா, வேணும்னே கெடுத்துட்டேன்னு சாகுற வரைக்கும் சொல்லுவா. சாமி சத்தியமா நல்லது நடக்கணும்னுதான் தம்பி போட்டேன்."

நம்பினேன். கெடுக்க நினைக்கிறவர்கள் சர்க்கரை போடுவார்கள்; கோயில் மண்ணையா போடுவார்கள்?

டேங்கைக் கழற்றிக் கழுவ நேரமில்லை. லாரி ஷெட்டில் கற்ற ஒரு திருட்டு வைத்தியம் இருக்கிறது — குளுக்கோஸ் ஏற்றுவது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காய வைத்து, டேங்கிலிருந்து எடுத்துச் சண்முகையாவின் துண்டில் வடிகட்டிய பெட்ரோலை அதில் நிரப்பினேன். (அவர் விழிக்கவில்லை.) முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயைப் பிடுங்கினேன். ஒரு முனை பாட்டிலில். மறு முனையைக் கார்புரேட்டர் குழாய்க்குள் செருகி, கம்பியால் இறுக்கினேன். பாட்டிலை உயர்த்திப் பிடித்தால் பெட்ரோல் தானாக இறங்கும். டேங்கும் வேண்டாம், பம்பும் வேண்டாம். தயவுசெய்து இதை யாரும் செய்து பார்க்காதீர்கள். தீப்பிடித்தால் எழுத நான் இருப்பேன், படிக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

சாவியைத் திருப்பியதும் கார் சீறியது. மாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் பாட்டிலை யார் பிடிப்பது? முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தூக்கிப் பிடிக்க வேண்டும். நான்தான்.

"அப்போ ஆறு பேர் ஆயிருமே!" என்றார் பெண்ணின் அம்மா.

கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. மணி பதினொன்றே கால். ரோட்டில் நின்று ஒற்றைப்படை, இரட்டைப்படை பேசுகிறோம். மெக்கானிக்கை ஆளாகக் கணக்கிட வேண்டியதில்லை, ஸ்டெப்னி மாதிரிதான் என்றேன். பெண்ணின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் சண்முகையாவைத் தட்டி எழுப்பினார்கள்.

"ஊரு வந்துட்டா?" என்று கேட்டார்.

"இல்ல மச்சான். நீரு பஸ்ல வாரும்," என்றார் மாரியப்பன்.

ஆள் கணக்குக்காக ஏறியவர், ஆள் கணக்குக்காகவே இறங்கினார். துண்டை முகர்ந்து பார்த்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒன்பது கிலோமீட்டரும் நான் கையை இறக்கவில்லை. எதிரே வந்த பஸ் டிரைவர் எனக்குக் கும்பிடு போட்டார்; ஏதோ தீர்த்தக் குடம் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் நிறுத்தினோம். மெக்கானிக் வீட்டு வாசலில் பாட்டிலோடு போய் இறங்க முடியுமா? குளுக்கோஸைக் கழற்றிப் பழைய குழாயை மாட்டினேன். இருநூறு அடி தூரம்தான். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதே போதும். கௌரவமாகப் போய்விடலாம்.

நூற்று எண்பது அடி கௌரவமாகப் போனோம்.

வாசலில் வேட்டி சட்டையில் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார். காதை மட்டும் சாய்த்தார். கார் இருமி, விக்கி, அணைந்தது.

"பெட்ரோல் வரல," என்றார்.

"வந்தவங்கள வாங்கன்னு சொல்லுங்க மொதல்ல!" என்று அவருடைய மனைவி அதட்டினார்.

அவர் 'வாங்க வாங்க' என்று சொல்லிக்கொண்டே நேராக பானெட்டுக்குப் போனார். மாப்பிள்ளையின் அப்பா ஐயாத்துரை. கம்பி சுற்றிய தடத்தைப் பார்த்தார். பிடுங்கிய குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாட்டில் கட்டியா வந்தீரு?" ஃபில்டரைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார்.

"பங்க்காரன் கலப்படம் பண்ணிட்டான்," என்றார் வேல்ராஜ்.

ஐயாத்துரை மண்ணை விரலால் தேய்த்தார். "எந்த பங்க்லவே புத்து மண்ணு விக்கான்? இது நம்ம கோயில் மண்ணுல்லா."

பெண்ணின் அம்மா மெதுவாகக் கோமதியின் பக்கம் திரும்பினார். கோமதி பழத் தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். வேல்ராஜ் வாட்சைப் பார்த்தார். ஒன்றரை வருடக் காரியம் அந்த ஒரு பிடி மண்ணில் நின்றது. நான் ஏதாவது பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பெட்ரோல் ஏப்பம்தான் வந்தது.

ஐயாத்துரை மனைவியைப் பார்த்தார். "ஏட்டி, இங்கன வா. ஒனக்கு ஒரு ஜோடி வந்திருக்கு." பிறகு எங்களிடம், "போன வருசம் ஷெட்டுக்கு வந்த வண்டில, இவ இதே மண்ண ரேடியேட்டர்ல போட்டா. கழுவி எடுக்க எனக்கு மூணு நாளாச்சு."

"அதுக்கப்புறம் அந்த வண்டி நிக்காம ஓடுதா, இல்லையா?" என்றார் அந்த அம்மாள்.

"கழுவுனது நான்லா!"

"கழுவணும்னு புத்தியக் குடுத்தது யாரு?"

"அதச் சொல்லுங்க மைனி!" என்று கோமதி கத்தியே விட்டார். தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் அம்மா முதலில் முறைத்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "பாவிமட்ட... ரெண்டு கையா போட்ட?" என்று கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் வாசலை மிதித்தார்கள். தாய்மாமா கடைசியாக மிதித்தார், ஆனால் மிதித்தார். உள்ளேயிருந்து பிரியாவுக்கு போன் போட்டார்கள். ஸ்பீக்கர் போடவே தேவையில்லாமல் அந்தப் பக்கத்துக் கூச்சல் வாசல் வரைக்கும் கேட்டது.

இரண்டு குடும்பங்களுக்குள் எத்தனை பொருத்தம் பார்க்கிறோம்! ஒரே மாதிரிக் கிறுக்கு இரண்டு வீட்டிலும் இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா? அது ஒன்று இருந்தால் போதும், மிச்சத்தைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

எனக்கும் கேசரி, வடை கிடைத்தது. எல்லாமே பெட்ரோல் வாசம் அடித்தது. அவர்கள் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். கார் ஷெட்டுக்குப் போனது. நான் பையை எடுத்தபோது ஐயாத்துரை கேட்டார்.

"எங்கவே போறீரு?"

"தெரியல அண்ணாச்சி."

"தெரியாத எடத்துக்கு நாளன்னைக்குப் போவும். காலைல ஷெட்டுக்கு வாரும்."

மறுநாள் காலை போனேன். டேங்கை இறக்கினோம், கழுவினோம், வடிகட்டினோம். மண்ணைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, கால் படக் கூடாது, நன்றாகக் காய வைத்துக் கோயில் மரத்தடியில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு சம்பந்தியம்மாக்களும் சேர்ந்து உத்தரவு போட்டிருந்தார்கள். ஒரு தகரத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன்.

நான்கு மெக்கானிக்குகள் இருக்கும் அந்த ஷெட்டில், பெட்ரோலில் ஊறிய அந்தப் பிரசாதத்தின் பக்கத்தில் ஒருத்தரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்வது — அதுதான் எனக்கு முதல் நாள் வேலை.